சுத்தம் செய்த குரல்

நஸீமாவின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பேசினாலும் அந்தப் பேச்சில் வேண்டாதது எது என்று பார்த்து வெட்டி எறிந்துவிடும். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டியும் விடும். இந்தப் பழக்கத்துக்குத்தான் இருபது வருஷத்துக்கு மேல் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள். அது கெட்ட பழக்கமும்தான் என்பது 2005இல், விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வைத்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

பழக்கம் ஆரம்பித்த இடம் மங்கலம்பேட்டை. அவளுடைய அத்தா பரக்கத்துல்லா அங்கே கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். தெருவுக்குப் பாதி ஆம்பிளைகள் துபாய், மஸ்கட், குவைத் என்று போய்விட்ட காலம் அது. வீட்டில் போன் கிடையாது. கடிதத்தில் எழுத்து வரும், குரல் வராது. அதனால் பெண்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். ரேடியோக் கடைக்குப் பெண்கள் வரமாட்டார்கள். எனவே பரக்கத்துல்லா, பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்த மகளிடம் டேப் ரெக்கார்டரைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்.

கேசட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அழுகை கடல் தாண்டக் கூடாது. அங்கே வெயிலில் கிடந்து உழைக்கிறவன் பெண்டாட்டியின் அழுகையைக் கேட்டு என்ன செய்வான்? அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம் என்று தொடங்கியவள் நாலாவது வார்த்தையில் உடைந்துபோவாள். நஸீமா பட்டனை அமுக்கி நிறுத்துவாள், தண்ணீர் கொடுப்பாள், டேப்பைப் பின்னால் ஓட்டி அழுகையின் மேலேயே மறுபடி பேச வைப்பாள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வீட்டிலிருந்தும் நல்லா இருக்கோம் என்றுதான் போனது. பிற்பாடு அவளுக்கே கல்யாணமாகி, வீட்டுக்காரர் சார்ஜாவுக்குப் போனபோது, அவள் அனுப்பிய கேசட்டும் அப்படித்தான் போனது. அந்த மனிதர் இன்றுவரை தன் பெண்டாட்டி கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நஸீமாவின் பழக்கம் அவளுக்கு முன்னால் புதுச்சேரி வானொலிக்குப் போய்ச் சேர்ந்தது. அறிவிப்பாளராகப் போனவளைக் கிராம நிகழ்ச்சி தயாரிக்கச் சொன்னார்கள். விவசாயிகள் மைக்கைக் கண்டால் செருமுவார்கள், கனைப்பார்கள், வார்த்தைக்கு வார்த்தை 'வந்து' போடுவார்கள். நஸீமா பிளேடால் டேப்பை வெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுவாள். நானா இவ்வளவு நல்லாப் பேசினேன் என்று அவர்களே கேட்டு எழுதுவார்கள்.

அங்கிருந்து சென்னைக்கு, தொலைக்காட்சிக்குப் போனாள். சமையல் நிகழ்ச்சியில் கருகிய வடையை வெட்டினாள். போனில் பாட்டுக் கேட்கிற நிகழ்ச்சியில் திக்குகிறவர்களின் திக்கலை வெட்டினாள். இரண்டு வருஷம் ஒரு சீரியலும் எடுத்து, அரைத்த மாவையே அரைத்தாள். அழுகையை வெட்டாமல் விட்டதற்குச் சம்பளம் வாங்கியது அங்கேதான், அதுவும் கிளிசரின் அழுகை. பிறகு சேனலுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். சின்ன வயசுக்காரர். நாற்பதைத் தொட்டவர்களையெல்லாம் அம்மா என்று கூப்பிட்டே வீட்டுக்கு அனுப்பினார். நஸீமா மூட்டை கட்டிக்கொண்டு வந்து தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினாள். சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையோரம் அவள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் விருத்தாசலத்திலிருந்து மாயவன் தேடிக்கொண்டு வந்தார்.

மாயவன் அங்கே தொழிலாளர் நலச் சங்கம் ஒன்று நடத்தினார். செராமிக் எஸ்டேட்டில் பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்ட் பெட்டிக்குப் பீஸ் கட்டை என்று எது செய்தாலும் முதலில் வெள்ளைக்கல்லைப் பொடியாக அரைக்க வேண்டும். அரைக்கிற மில்லில் தூசி புகையாக நிற்கும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். பத்துப் பதினைந்து வருஷம் செய்தவனுக்கு மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் டிபி மாத்திரை கொடுப்பார்கள். மில்காரர்களைக் கேட்டால் பீடி குடிக்கிறான் என்பார்கள். பீடியே தொடாதவன் செத்தாலும் பீடியில்தான் செத்தான்.

இதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்க்கச் சம்மதித்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்தால் எக்ஸ்ரே வண்டி எஸ்டேட்டுக்கே வரும். எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டால் இது பொடியால் வந்த நோய் என்று யாரும் மறுக்க முடியாது. சரியான வைத்தியம் கிடைக்கும், மில்லில் தூசியை உறிஞ்சும் மிஷின் வைத்தே தீர வேண்டும். டாக்டரை நம்ப வைக்கத்தான் படம். ஆனால் வேலையில் இருக்கிற யாரும் கேமரா முன்னால் வர மாட்டேன் என்றார்கள். வேலையை விட்டு வீட்டோடு கிடக்கிற தங்கராசு ஒருவர்தான் ஒத்துக்கொண்டார்.

தங்கராசு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல பேச்சுக்காரர். மில்லைப் பற்றி, மரத்தின் இலைகூட வெள்ளையாய் நிற்பதைப் பற்றி, கூட வேலை செய்து செத்துப்போனவர்களைப் பற்றி அழகாகச் சொன்னார். ஆனால் ஒரு வாக்கியம் முழுசாக வராது. நடுவில் இருமல் பிடித்துக்கொள்ளும், உடம்பே மடங்கும். தன் நெஞ்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ, பேச்சே போய் இருமல் மட்டும்தான் மிஞ்சும். அவர் மனைவி ராஜாம்பாள் சுடுதண்ணியோடு பக்கத்திலேயே நின்றாள். நஸீமா பொறுமைசாலி. பரவாயில்லண்ணே, மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க என்று மத்தியானம் வரைக்கும் எடுத்தாள்.

சென்னையில் எடிட்டர் பாண்டியன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இருமலையெல்லாம் எடுத்துடணுமா மேடம்?"

"பின்ன? கேக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்காதா?"

அவன் எடுத்துவிட்டான். நெஞ்சைப் பற்றிய பேச்சில் இருமலைத் தவிர ஒன்றும் இல்லாததால் அது மொத்தமாகவே போயிற்று. வெட்டிய இடமெல்லாம் தெரியாமலிருக்கப் பொம்மைக்குக் கண் எழுதுகிற கை, வரிசையாகக் காய்கிற ஜாடிகள் என்று வைத்து மூடினார்கள். ஓடவிட்டுப் பார்த்தபோது தங்கராசின் குரல் ஆற்றுத் தண்ணீர்போல ஒரே ஓட்டமாகப் போயிற்று. நஸீமாவுக்கு உச்சி குளிர்ந்தது. தன் வாழ்நாளில் இதைவிடச் சுத்தமாக ஒரு பேச்சை ஒட்டியதில்லை என்று பாண்டியனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

விருத்தாசலத்துக் கல்யாண மண்டபத்து மாடியில் படத்தைப் போட்டார்கள். டாக்டர் கடைசிவரை கவனமாகப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரரும் இல்லை. விளக்கைப் போட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"படம் நல்லா இருக்குது. ஆனா பேசுறவருக்கு என்ன நோய்?"

பத்து வருஷத்துக்கு மேல் பொடி அரைத்தவர், மூச்சு விட முடியாதவர் என்றார் மாயவன். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த நோய் முற்றியவரால் மூச்சு வாங்காமல் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது, இவர் மேடைப் பேச்சாளர் மாதிரிப் பேசுகிறார், இதைப் பார்த்து வண்டிக்கு எழுதினால் மேலே இருப்பவர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

நஸீமாவுக்குக் காது ரெண்டும் எரிந்தது. நோயைக் காட்டு என்று கூட்டி வந்தார்கள், நோயை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் மறைத்துக் காட்டியிருந்தாள். எடுத்த டேப் எல்லாம் அப்படியே இருக்கிறது, முழுசாகக் கொண்டு வருகிறேன், இன்னொரு தடவை பாருங்கள் என்று டாக்டரைக் கெஞ்சினாள். அவர் அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருவதாகவும், அப்போது பார்ப்பதாகவும் சொன்னார். அதற்குமேல் தாமதித்தால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

அன்றைக்கே தங்கராசு வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, இருமலோடு படம் வரும் என்று சொல்வது, அவ்வளவுதான் யோசனை. அங்கே வீடு கலகலவென்று இருந்தது. உட்காருவதற்குள் தட்டில் கேசரி வந்தது. மகள் சண்முகப்ரியாவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் இடம் முடிவாகிவிட்டதாம். தை மாதம் கல்யாணம்.

நல்ல இடம், ஆனால் நாலு மாதமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பனுக்கு டிபி, அந்த வீட்டில் பெண் எடுத்தால் நோயும் சேர்ந்து வரும் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தங்கராசால் போய் உட்கார்ந்து இல்லை என்று சொல்லவும் முடியாது, சொல்ல வாயைத் திறந்தால் இருமல் வரும். அந்த நேரத்தில்தான் மாயவன் படத்தைச் சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். தங்கராசு அதைத் தன் மச்சினன் கையில் கொடுத்து ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற மனிதருக்கா டிபி என்று அன்றைக்கே தேதி குறிக்கச் சொல்லிவிட்டார்கள்.

நஸீமா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். தங்கராசு இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லலம்மா. நீங்க எடுத்த படத்தத்தான் காட்டுனேன். அது அப்பிடியே இருக்கட்டும்."

டாக்டருக்கு மட்டும்தான் காட்டப்போகிறோம், ஸ்ரீமுஷ்ணத்துக்கு எப்படித் தெரியும் என்றாள் நஸீமா. படம் ஒன்று வெளியே போனால் சிடியாகி எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது, இதுவும் அப்படித்தானே போனது என்றார் அவர். சரியான பதில்தான். அவளுக்குக் கோபம் வந்தது. மில்லில் இன்னும் எத்தனை பேர் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கதி என்ன என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"எங்கொரலுதானம்மா அது? எங்கிட்ட கேக்காம வெட்டுனீங்க. இப்ப எங்கிட்ட கேக்காம ஒட்டாதீங்க."

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. சரிண்ணே, நீங்க சொல்லாம போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

தெருமுனை வரைக்கும் ராஜாம்பாள் பின்னாலேயே வந்தாள். செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"அவரு பேச்சக் கேக்காதீங்கக்கா. படுத்தா மூச்சு நின்னுடுது, செவுத்துல சாஞ்சிக்கிட்டேதான் தூங்குறாரு. பொண்ணு கல்யாணத்தப் பாக்குறதுக்கு அவரு இருக்கணுமா வேணாமா? நீங்க போடுங்க."

நஸீமா அவளுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து, தான் எப்பேர்ப்பட்ட காரியத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வழி நெடுக நினைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, அந்தக் குரங்கையும் இப்போது ஒரு வீட்டில் பூப் போட்டுக் கும்பிடுகிறார்கள்.

சென்னைக்குப் போய் இருமலையெல்லாம் திரும்பச் சேர்த்து இன்னொரு டேப் தயார் செய்தாள். போடுவதற்கு என்று இல்லை, தயாராக இருக்கட்டும் என்றுதான் பாண்டியனிடம் சொன்னாள். படமெடுத்த அன்றைக்கு அவள் அந்த இருமலைக் கேட்கவே இல்லை, அது எப்போது முடியும் என்றுதான் காத்திருந்தாள். இப்போது முழுசாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அந்த மனிதர் ஒரு வாய்க் காற்றுக்குப் படுகிற பாடு கேட்டது. பாண்டியன் பார்க்கிறான் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் வருகிற நாளில் ரெண்டு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்து மாடி ஏறினாள். ராஜாம்பாளின் பேச்சுதான் சரி என்று பாதி மனசு சொன்னது. மேலே போனால், கடைசி வரிசையில் அதே வெள்ளைச் சட்டையோடு தங்கராசு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஜாம்பாள். அந்த மாடிப்படியை அவர் எப்படி ஏறினார் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். சும்மா படம் பார்க்கலாம்னு வந்தேன் என்றார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? வாக்கு நிற்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

டாக்டர் வந்துவிட்டார். மாயவன் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினார். நஸீமா பைக்குள் கையை விட்டபடி நின்றாள். ஒரு டேப் போட்டால் வண்டி வரும். இன்னொன்று போட்டால் அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வண்டியை நினைத்தாள், மில்லை நினைத்தாள். கேட்காமல் வெட்டியது தன் கைதானே என்பதையும் நினைத்தாள். சுத்தமான டேப்பையே எடுத்துப் போட்டாள். படம் முடிந்ததும் டாக்டர் காலில் விழுந்தாவது வாயால் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். நம்பிக்கை சுத்தமாக இல்லை.

டாக்டர் பார்த்த அதே படம்தான். அவர் முகத்தில் சலிப்பு தெரிந்தது. திரையில் தங்கராசு பேசிக்கொண்டே போனார். மூடிய அறை, காற்று இல்லை, நாள்பட்ட போர்வையின் தூசி வேறு. கடைசி வரிசையில் ஒரு செருமல் கேட்டது. அப்புறம் அது அமுங்கியது. திரும்பிப் பார்த்தாள். தங்கராசு துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் ரெண்டும் குலுங்கின. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. நஸீமா படத்தை நிறுத்தப் போனாள். அதற்குள் ராஜாம்பாள் அவர் வாயிலிருந்து துண்டைப் பிடுங்கினாள்.

"வுடுங்க. இருமுங்க."

அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. யாருங்க அது, கொஞ்சம் வெளியே போங்க என்று சொல்ல வாயெடுத்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். திரையில் பேசுகிற முகத்தைப் பார்த்தார், திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். விளக்கைப் போடுங்கள் என்றார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மில்லில் மரத்தின் இலைகூட வெள்ளையாய் நிற்பதைத் தங்கராசின் குரல் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டிருக்க, டாக்டர் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று வெகுநேரம் கேட்டார்.

"வண்டிக்கு இன்னைக்கே எழுதிடறேன்," என்றார் மாயவனிடம். "இவரு வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே என்கூட கார்ல வரட்டும்."

மாயவன் ஒரு பக்கம், ராஜாம்பாள் ஒரு பக்கம் பிடித்துத் தங்கராசை எழுப்பினார்கள். இருமல் அடங்கியிருந்தது. முகம் காகிதம்போல வெளுத்திருந்தது. நஸீமாவைத் தாண்டும்போது நின்றார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நீங்க குடுத்த வாக்கக் காப்பாத்திட்டீங்கம்மா," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாந்தான்... எம் பொண்ணுக்காக... அஞ்சு நிமிஷம் அடக்கிட்டு ஒக்கார முடியல."

அவர்கள் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார்கள்.